பிளாஸ்டிக்கில் கிராஃபீன் கலந்தால் எவ்வளவு வலுவாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிமர் கம்பவுண்டிங் (பிளாஸ்டிக்கோடு மற்ற பொருட்களைக் கலப்பது) வேலையில் இருப்பவர்களைத் தேடி கிராஃபீன் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. கடைசி வருஷ புராஜெக்டுக்குத் தலைப்பு எடுத்த மாணவர்கள் கேட்கிறார்கள். மோல்டிங் யூனிட் வைத்திருப்பவர்கள், "ஒரு சப்ளையர் வந்து கிலோ இவ்வளவு என்கிறார், வாங்கலாமா?" என்கிறார்கள். திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரு பத்தியோடு முடிந்துவிடும்.

கிராஃபீன் என்பது சரியாக என்ன?

கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கு. அறுகோண வலையாகக் கோத்த கார்பன் அணுக்கள், ஒரே ஒரு அணு தடிமன். கிராஃபைட்டில் இந்த அடுக்குகள் 0.335 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அடுக்குக்குள் பிணைப்பு மிகவும் உறுதி, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிடிப்பு மிகவும் குறைவு. பென்சில் எழுதுவதும் இதனால்தான். 2004-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பை வைத்தே இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். 2010-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

எஃகைவிட 200 மடங்கு வலு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் எதன் வலு, எங்கே அளந்த வலு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள். ஒன்று, ஒன்றரை மைக்ரோமீட்டர் அகலமுள்ள குழிகளின் மேல் ஒற்றை அடுக்கை விரித்து, அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியால் நடுவில் அழுத்தினார்கள். விறைப்பு, அதாவது யங் குணகம், சுமார் 1,000 ஜிகாபாஸ்கல் வந்தது. முறியும் வலு சுமார் 130 ஜிகாபாஸ்கல். சாதாரணக் கட்டுமான எஃகு அரை ஜிகாபாஸ்கலை ஒட்டியே அறுந்துவிடும். அந்த 200 மடங்கு இங்கிருந்துதான் வருகிறது.

விறைப்பை எடுத்துக்கொண்டால் எஃகு 200 ஜிகாபாஸ்கல், ஆக கிராஃபீன் ஐந்து மடங்குதான். விளம்பரங்களில் இந்த ஐந்து மடங்கு கண்ணில் படாது. ஒரு பாகம் வளையாமல் நிற்க வேண்டுமா, அறுந்து போகாமல் இருக்க வேண்டுமா என்று யோசித்தால், பெரும்பாலான பிளாஸ்டிக் பாகங்களுக்கு முதலில் வேண்டியது விறைப்புதான்.

சரி, எபாக்சியில் 1% போட்டால் விறைப்பு எவ்வளவு ஏறும்?

பேப்பரும் பேனாவும் எடுங்கள். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கணக்கு இதுதான். இதைப் போடத் தெரிந்தால் எந்த சப்ளையரும் உங்களை ஏமாற்ற முடியாது.

எபாக்சி என்பது ஹார்ட்னர் சேர்த்து இறுகவைக்கும் பிசின். அதன் விறைப்பு சுமார் 3 ஜிகாபாஸ்கல், அடர்த்தி சுமார் 1.2. கிராஃபீனுக்கு 1,000 ஜிகாபாஸ்கல், அடர்த்தி 2.2. எடையில் 1% போட்டால் கன அளவில் அது 0.55% மட்டுமே, ஏனென்றால் கிராஃபீன் அடர்த்தி கூடியது. கலப்பு விதிப்படி 1,000-ஐ 0.0055-ஆல் பெருக்கினால் 5.5 ஜிகாபாஸ்கல். எபாக்சியின் 3-ஐயும் கூட்டினால் 8.5. ஏறக்குறைய மூன்று மடங்கு!

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு கிராஃபீன் சில்லும் இழுக்கும் திசையிலேயே படுத்திருக்க வேண்டும், சுருக்கம் இருக்கக் கூடாது, எபாக்சி அதை நழுவவிடாமல் பிடித்திருக்க வேண்டும். சில்லுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடந்தால் 15-இல் 8 பங்கு பலன்தான் மிஞ்சும். அப்போது கூட்டுத்தொகை 6-ஐ ஒட்டி நிற்கும்.

நடைமுறையில் கடையில் வாங்கிய நானோபிளேட்லெட்டை (பல அடுக்குகள் சேர்ந்த நுண்சில்லுப் பொடி) 1% போட்டு நன்றாகக் கலந்தால் பொதுவாக 10 முதல் 20 சதவீதம் ஏறும். அதாவது 3 என்பது 3.3 அல்லது 3.6 ஆகும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால், உள்ளே போன சில்லு 1,000 ஜிகாபாஸ்கல் பொருளாக வேலை செய்யவில்லை, நூறை ஒட்டிய அல்லது அதற்கும் குறைவான விறைப்புள்ள பொருளாகத்தான் வேலை செய்திருக்கிறது என்று தெரியும்.

மீதி 900 எங்கே போயிற்று?

பெரும்பகுதி எபாக்சிக்கும் சில்லுக்கும் நடுவிலேயே போய்விடுகிறது. நாம் இழுப்பது பாலிமரைத்தான். அந்த இழுவிசை சில்லின் பரப்பு வழியாகப் பரவித்தான் சில்லுக்குள் ஏற முடியும். சில்லின் விளிம்பில் அதன் மேல் சுமை கிட்டத்தட்ட சுழியம், உள்ளே போகப் போக ஏறும்.

2010-இல் மான்செஸ்டரில் ராபர்ட் யங், இயன் கின்லாக், நோவோசெலோவ் ஆகியோர் இருந்த குழு இதை நேரடியாகவே பார்த்தது. பாலிமர் பட்டையின் மேல் ஒற்றை அடுக்கு கிராஃபீனை வைத்து, பட்டையை மெல்ல வளைத்து, சில்லின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை லேசர் புள்ளியை நகர்த்தி, சிதறி வரும் ஒளியின் ராமன் நிறமாலையை எடுத்தார்கள். கிராஃபீன் இழுபடும்போது அந்த நிறமாலையில் 2டி எனப்படும் சிகரம் இடம் நகரும். எங்கே எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தாலே எந்த இடத்தில் எவ்வளவு சுமை ஏறியது என்று படம் போல விழுந்துவிடும். விளிம்பிலிருந்து ஒன்றரை மைக்ரோமீட்டர் உள்ளே போன பிறகுதான் முழுச் சுமையை நெருங்கியது. இரண்டு விளிம்புக்கும் சேர்த்து 3 மைக்ரோமீட்டர். பலன் நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் சில்லு அதைப் போல் பத்து மடங்கு, அதாவது 30 மைக்ரோமீட்டர் அகலம் இருப்பது நல்லது என்று எழுதினார்கள்.

இப்போது சந்தையைப் பாருங்கள். திரவத்தில் உரித்தெடுத்த சில்லுகள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழ். அதாவது சில்லு முழுவதுமே விளிம்புதான்.

அடுக்குகளின் நழுவல் இன்னொரு காரணம். இரண்டு அடுக்கு வரை கவலையில்லை, இரண்டுமே பாலிமரைத் தொடுகின்றன. பத்து அடுக்குச் சில்லில் நடுவில் உள்ள எட்டும் பாலிமரைத் தொடுவதே இல்லை. மேல் அடுக்கை இழுத்தால் கீழ் அடுக்கு அதோடு முழுதாக வராது. இதோடு சுருக்கம், மடிப்பு, திசை மாற்றம் எல்லாம் சேர்கின்றன. இழுத்தால் முதலில் சுருக்கம் விரியும், அதன் பிறகுதான் சுமையே ஏறும்.

சுற்றியுள்ள பாலிமர் எவ்வளவு மிருதுவோ, அவ்வளவு குறைவாகத்தான் அது சுமையைச் சில்லுக்குக் கடத்தும் என்பதும் அதே குழுவின் பின்னாளைய வேலையில் தெளிவானது. ஆகவே "கிராஃபீனின் விறைப்பு" என்று பிளாஸ்டிக்குக்குள் தனியாக ஒரு எண் கிடையாது. எந்தப் பாலிமருக்குள் இருக்கிறதோ அதைப் பொறுத்து எண் மாறும்.

0.1% போட்டே 31% ஏறியதாக ஒரு ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். அது பொய்யா?

பொய் இல்லை. 2009-இல் அமெரிக்காவின் ரென்சலேர் பாலிடெக்னிக்கில் நிகில் கோரட்கரின் குழு வெளியிட்டது. புராஜெக்ட் அறிக்கைகளில் முன்னுரையிலேயே இது வந்துவிடும். எடையில் 0.1% கிராஃபீன் போட்டதில் எபாக்சியின் விறைப்பு 31%, இழுவலிமை 40%, முறிவுக் கடினம் (விரிசல் ஓடுவதைத் தாங்கும் திறன்) 53% கூடியதாக அதில் இருக்கிறது. அதே அளவு கார்பன் நானோக்குழாய் போட்டதில் இவ்வளவு ஏறவில்லை.

மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். எடையில் 0.1% என்றால் கன அளவில் 0.055%. எல்லாம் சரியாக அமைந்தாலும் 0.55 ஜிகாபாஸ்கல்தான் கூட முடியும், அதாவது 18%. சில்லுகள் தாறுமாறாகக் கிடந்தால் 10%. அளந்த 31% இந்த வரம்பையே தாண்டுகிறது. சில்லுகள் மட்டும் சுமை தாங்கி அந்த எண் வராது. சில்லைச் சுற்றியுள்ள எபாக்சியின் சங்கிலிகள் இறுகியிருக்கலாம், பிசின் இறுகும் விதம் மாறியிருக்கலாம், ஒப்பிட எடுத்த வெறும் எபாக்சி மாதிரிக்கும் இதில் பங்கு இருக்கலாம். என் கருத்தில், இந்த மாதிரி எண்ணை மேற்கோள் காட்டுவது தப்பில்லை. வரம்போடு ஒப்பிடாமல் காட்டுவதுதான் தப்பு.

முறிவுக் கடினம் வேறு விஷயம். அங்கே சில்லு சுமை தாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஓடி வரும் விரிசலின் வழியில் நின்று அதைத் திசை திருப்பினால் போதும். எபாக்சி போன்ற நொறுங்கும் பிசினில் கொஞ்சம் கிராஃபீன் தரும் நம்பகமான பலன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

குறைவாகப் போட்டால் குறைந்த பலன் என்றால், 5%, 10% போடலாமே?

போடலாம், கலக்கத்தான் முடியாது. ஒற்றை அடுக்காகப் பிரிந்தால் ஒரு கிராம் கிராஃபீனின் பரப்பு 2,630 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் 65 சென்ட் நிலம். அவ்வளவு பரப்பையும் பிசின் நனைக்க வேண்டும். 1% தாண்டியதும் எபாக்சி களி மாதிரி இறுகத் தொடங்கும், உள்ளே மாட்டிய காற்று வெளியே வராது. சில்லுகள் தமக்குள் ஒட்டி மறுபடி கட்டியாகும். கட்டி என்பது கிராஃபைட் துண்டு, பிசினுக்குள் ஒரு ஓட்டை இருப்பதற்குச் சமம். விறைப்பு கொஞ்சம் ஏறிக்கொண்டே போகலாம், ஆனால் இழுவலிமை ஒரு உச்சிக்குப் போய் இறங்கிவிடும்.

உடைந்த மாதிரியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முறிந்த முகம் ஒரே மங்கலான கறுப்பாக இருந்தால் கலப்பு பரவாயில்லை. நடுவே வெள்ளி மாதிரி மினுமினுக்கும் புள்ளிகள் தெரிந்தால் அதுதான் கட்டி. விரிசல் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்பியிருக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வரிசையில் நிற்கும் முன்பு பத்து ரூபாய் லென்ஸே பாதி கதையைச் சொல்லிவிடும்.

எப்படிக் கலக்க வேண்டும்?

எபாக்சி போன்ற திரவப் பிசின் என்றால், ஹார்ட்னர் சேர்க்கும் முன் பிசினிலேயே கலக்க வேண்டும். மூன்று உருளை ஆலையில் விடுவது நல்லது. பெயின்ட், மை தயாரிக்கும் இடங்களில் இருக்கும் அதே இயந்திரம்தான். மீயொலிக் கம்பியும் கலக்கும், ஆனால் அதிக நேரம் வைத்தால் சில்லுகளையே உடைத்துச் சிறிதாக்கும். மேலே சொன்ன 3 மைக்ரோமீட்டர் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். கரைப்பானில் கலந்து பிறகு ஆவியாக்கினால் கலப்பு அழகாக வரும், கரைப்பான் முழுதாகப் போகாவிட்டால் பிசின் மிருதுவாகி எல்லா அளவீடும் கெட்டுவிடும்.

பாலிப்ரொப்பிலீன், நைலான் போன்றவை என்றால் ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர், அதாவது இரட்டைத் திருகால் உருக்கிக் கலக்கும் இயந்திரம். உருக்கிக் கலப்பது மலிவு, பெரிய அளவில் செய்யலாம், ஆனால் ஒட்டியிருக்கும் அடுக்குகளை அதனால் முழுதாகப் பிரிக்க முடியாது. பொடியை நேராக ஹாப்பரில் கொட்டாதீர்கள். அவ்வளவு லேசான பொடி ஹாப்பருக்குள் வளைவு கட்டி நின்றுவிடும், பாதி பறந்து மேலே படியும், ஸ்க்ரூவுக்குள் எவ்வளவு போனது என்றே தெரியாது. முதலில் 10%, 20% அளவில் மாஸ்டர்பேட்ச் (அடர் கலவை) செய்து, பிறகு வெறும் பாலிமரைச் சேர்த்து அதை நீர்க்கவைப்பதுதான் கம்பவுண்டிங் யூனிட்களுக்கு ஒத்துவரும். பாலிப்ரொப்பிலீனுக்கு, பிடிப்பு கூட, மலேயிக் அன்ஹைட்ரைட் ஒட்டிய பாலிப்ரொப்பிலீன் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அந்தப் பாலிமருக்கும் கார்பனுக்கும் இயல்பாகவே பிடிப்பு குறைவு.

கிராஃபீன் ஆக்சைடு, ஒடுக்கிய ஆக்சைடு, நானோபிளேட்லெட் — எதை வாங்குவது?

கிராஃபீன் ஆக்சைடு பெரும்பாலும் 1958-இல் ஹம்மர்ஸும் ஆஃப்மேனும் வெளியிட்ட வழியில் வருவது. கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்த்து கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றுவார்கள். தண்ணீரில் நன்றாகப் பிரியும், எபாக்சி, பாலிவினைல் ஆல்கஹால், லேடெக்ஸ் இவற்றோடு நன்றாகப் பிடிக்கும். இதற்கான விலை விறைப்பு. வலை நடுவே குறைகள் விழுவதால் 1,000 என்பது 200 முதல் 250 ஜிகாபாஸ்கலாக இறங்கிவிடும். சில்லின் விறைப்பில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படாதபோது, இந்த இழப்புக்கு நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். பிடிப்பு கூடுவதுதான் லாபம்.

மின்சாரம் கடத்த வேண்டும் என்றால் ஒடுக்கிய ஆக்சைடு, அதாவது ஆக்சிஜனைப் பெரும்பகுதி நீக்கியது. டன் கணக்கில் மலிவாக வேண்டும் என்றால் நானோபிளேட்லெட். தாமிரத் தகட்டின் மேல் வாயுவிலிருந்து வளர்க்கும் கிராஃபீன் மின்னணுச் சாதனங்களுக்கானது, பில்லராக, அதாவது பிளாஸ்டிக்கில் கலக்கும் நிரப்பியாக, அதை யாரும் வாங்குவதில்லை.

சப்ளையர் தருவது உண்மையில் கிராஃபீன்தானா?

சந்தேகப்படுங்கள். 2018-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உலகெங்கும் 60 நிறுவனங்களின் பொடிகளை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 சதவீதத்துக்கும் குறைவு. மீதி மெல்லிய கிராஃபைட் தூள்தான். 2017-இல் வந்த ஐஎஸ்ஓ சொல்வரையறைப்படி பத்து அடுக்கு வரைதான் "சில அடுக்கு கிராஃபீன்". அதைத் தாண்டினால் வேறு பெயர்.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படம் (எக்ஸ்ஆர்டி) கேளுங்கள். தாமிர மூலத்தில் 26.5 டிகிரியை ஒட்டிக் கூர்மையாக, உயரமாக ஒரு சிகரம் நின்றால் அடுக்குகள் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன. ஆக்சைடு என்றால் அந்தச் சிகரம் 10, 11 டிகிரிக்கு நகர்ந்திருக்க வேண்டும். சில்லின் அகலப் பரவலும் கேளுங்கள், சராசரி மட்டும் போதாது. இதற்கெல்லாம் தாள் இல்லை என்பவரிடம், கிராஃபைட் தூளின் விலைக்குத் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எந்தப் பொருளில் பலன் அதிகம்?

ரப்பரில். அதன் விறைப்பு ஓரிரு மெகாபாஸ்கல்தான், கொஞ்சம் ஏறினாலே மடங்குக் கணக்கில் தெரியும். ஆனால் ரப்பர்க்காரர்களுக்குப் பில்லர் புதிதல்ல. டயரில் 100 பங்கு ரப்பருக்கு 50 பங்கு அளவில் கார்பன் பிளாக் என்ற கரித்தூள் பல காலமாகப் போகிறது. கிராஃபீன் அதற்கு முழு மாற்றாக வரவில்லை, கூடச் சேர்ந்து தேய்மானத்தைக் குறைக்கிறது. நீண்டு கொடுக்கும் பாலிப்ரொப்பிலீனில் விறைப்பு ஏறும், முறியும் முன் நீளும் அளவு குறையும். கீல், கிளிப் மாதிரி மடங்க வேண்டிய பாகம் என்றால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்பன் ஃபைபருக்கு மாற்றாகுமா?

ஆகாது. கார்பன் ஃபைபரை ஒரே திசையில் அடுக்கி, கன அளவில் 60% வரை நிரப்ப முடியும். கிராஃபீனில் 1% தாண்டவே திண்டாடுகிறோம். ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் பிசினில் கொஞ்சம் போட்டு, அடுக்குகள் பிரிந்து வருவதைத் தாமதப்படுத்தலாம். அங்கே அதற்கு நல்ல வேலை இருக்கிறது.

வலு தவிர வேறு என்ன கிடைக்கும்?

2006-இல் ராட்னி ரூஃப் குழு, பாலிஸ்டைரீனில் கன அளவில் 0.1% கிராஃபீனிலேயே மின்சாரம் கடக்கத் தொடங்கியதைக் காட்டியது. மின்சாரம் கடக்கச் சில்லுகள் ஒன்றையொன்று நெருங்கினால் போதும், சுமை கடத்தத் தேவையில்லை, அதனால் இது எளிதில் கிடைக்கிறது. வாயு ஊடுருவலும் குறையும். சில்லை எந்த வாயுவும் துளைக்காது, சுற்றி வளைந்துதான் போக வேண்டும். நிலைமின் தடுப்பு, அரிப்புத் தடுப்புப் பூச்சு, வெப்பம் கடத்துதல் இவற்றில் கிராஃபீனுக்கு வலுவைவிட நல்ல எதிர்காலம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒரு விஷயம், பொருள் கறுப்பாகத்தான் வரும். கலர் கேட்கும் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நிஜமாக ஏதாவது பொருளில் வருகிறதா?

வருகிறது. ஃபோர்டு நிறுவனம் 2018-இல், இன்ஜின் பகுதியில் உள்ள மூடிகளின் ஃபோமில் அரை சதவீதத்துக்கும் குறைவாகக் கிராஃபீன் போடுவதாக அறிவித்தது. முக்கிய நோக்கம் சத்தத்தைக் குறைப்பது. அதே வருஷம் இனோவ்-8 என்ற பிரிட்டிஷ் நிறுவனம் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து கிராஃபீன் ரப்பர் அடிப்பாகம் வைத்த ஓட்டக் காலணியை விற்பனைக்கு விட்டது. இரண்டிலுமே பாகம் முழுவதையும் தாங்கும் எலும்பாகக் கிராஃபீனைப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். நானோ பில்லர் வியாபாரமே டொயோட்டாவின் ஆய்வகம் 1980-களில் நைலானில் களிமண் தகடுகளைப் பிரித்துக் கலந்ததிலிருந்துதான் சூடுபிடித்தது. அது டைமிங் பெல்ட் மூடியாகக் காரில் ஏறியது.

நம் பக்கம் மூலப்பொருள் இருக்கிறதா?

சிவகங்கையில் தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமினின் கிராஃபைட் சுரங்கமும் செறிவூட்டும் ஆலையும் உண்டு. அது பாறையோடு கலந்த சில்லு வகை, செறிவூட்டாமல் பயன்படாது. இலங்கையில் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைப்பது நரம்பு வகை, வெட்டி எடுக்கும்போதே தூய்மை மிக அதிகம். அதிலிருந்து கிராஃபீன் ஆக்சைடு தயாரிக்கும் முயற்சிகளும் அங்கே நடக்கின்றன.

பொடியைக் கையாளுவது ஆபத்தா?

மூச்சில் போகவிடக் கூடாது. நுண்தூளுக்கான சுவாசக் கவசம் போட்டுக்கொண்டு, காற்று உறிஞ்சும் கூண்டுக்குள் அளந்து எடுங்கள். 2024-இல் எடின்பரோவில் 14 தன்னார்வலர்கள் தூய கிராஃபீன் ஆக்சைடைக் கட்டுப்பாட்டோடு சுவாசித்த ஆய்வில் உடனடிப் பாதிப்பு தெரியவில்லை. அது சில மணி நேரக் கதை. தினமும் எட்டு மணி நேரம் மூட்டை பிரிப்பவருக்கு அதை வைத்து உத்தரவாதம் தர முடியாது. பிசினுக்குள் போய் இறுகிவிட்டால் பயமில்லை, மறுபடி அரத்தால் ராவும்போது கவனம் வேண்டும்.

ஹம்மர்ஸ் முறையைத் தனியாகச் செய்து பார்க்கத் துடிக்கும் மாணவர்களுக்கு: அடர் கந்தக அமிலத்தில் பெர்மாங்கனேட்டை வேகமாகக் கொட்டினால் வெடிக்கும் சேர்மம் உருவாகும். பனிக்கட்டித் தொட்டியில் வைத்து, சிறிது சிறிதாக, மேற்பார்வையோடு செய்யுங்கள். காய்ந்த ஆக்சைடை வேகமாகச் சூடாக்கினால் அதுவும் குப்பென்று பற்றும்.

மிக்ஸியில் கிராஃபீன் செய்யலாம் என்கிறார்களே?

2014-இல் டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் ஜோனதன் கோல்மன் குழு, சமையலறை பிளெண்டரில் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், கிராஃபைட் போட்டு உரித்தே காட்டியது. நடக்கும். ஆனால் பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி உரியாத கிராஃபைட்டைப் பிரிக்க வேண்டும், சோப்பைக் கழுவ வேண்டும். கிடைப்பது கொஞ்சம்தான், சில்லும் சிறியது. செய்து பார்க்கலாம், அந்த மிக்ஸியில் மறுபடி சட்னி அரைக்க வேண்டாம்.

புராஜெக்டில் என்ன சோதனை செய்ய வேண்டும்?

இழுவைச் சோதனைக்கு ஏஎஸ்டிஎம் டி638 என்ற தரநிலை போதும். ஒவ்வொரு கலவைக்கும் குறைந்தது ஐந்து டம்பெல் மாதிரி. சென்னை கிண்டியில் உள்ள சிபெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற இடங்களில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம். சராசரியோடு சிதறலையும் எழுதுங்கள். 8% ஏறியது என்று சொல்லிவிட்டு சிதறல் 10% என்றால் எதுவும் ஏறவில்லை.

ஒப்பீட்டு மாதிரியில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். கிராஃபீன் போட்ட பிசினை மணிக்கணக்கில் மீயொலியில் வைத்து, வெற்றிடத்தில் காற்றெடுத்து வார்ப்பார்கள். வெறும் எபாக்சியைக் குச்சியால் கிண்டி ஊற்றிவிடுவார்கள். அதில் குமிழி நிறைந்து சீக்கிரம் உடையும், கிராஃபீன் பெரிதாக வென்றதாகத் தெரியும். வெறும் எபாக்சியையும் அதே நேரம் மீயொலியில் வைத்து, அதே வெற்றிடத்தில் காற்றெடுத்து, அதே அச்சில், அதே நாளில் வார்த்தெடுங்கள். கரைப்பான் பயன்படுத்தினால் அதிலும் அதே கரைப்பானைப் போட்டு ஆவியாக்குங்கள். முடிந்தால் அதே எடைக்குச் சாதாரண கிராஃபைட் தூள் போட்ட மூன்றாவது தொகுப்பையும் வார்த்தெடுங்கள். வைவாவில் வரக்கூடிய முதல் கேள்விக்கு அந்தத் தொகுப்பே பதில் சொல்லிவிடும்.